விமானத்தில் காயம், திருவண்ணாமலையில் வழக்கு

திருவண்ணாமலைக்கு விமான நிலையம் கிடையாது. ஆனால் விமானம் ஏறாத தெரு இந்த மாவட்டத்தில் குறைந்துகொண்டே வருகிறது. செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் வெளியூர்க் கூட்டம் இங்கே வருவதுபோல, இங்குள்ள குடும்பங்கள் காசிக்கும் கேதார்நாத்துக்கும் யாத்திரை புறப்படுகின்றன. ரமணாசிரமத்தை நாடி வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டாரும் சென்னை விமான நிலையத்தில் இறங்கித்தான் வருகிறார்கள். 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத் அருகே ஹெலிகாப்டர் மோதி விழுந்து ஆறு யாத்ரீகர்களும் விமானியும் இறந்தார்கள். அந்த யாத்ரீகர்களில் தமிழ்நாட்டவர்களும் இருந்தார்கள்.

இப்படியொரு விபத்தில் ஒருவர் காயத்தோடு உயிர் பிழைத்து ஊர் திரும்பினால், சட்டம் அவருக்கு என்ன தருகிறது? யாரிடம் கேட்பது, எங்கே கேட்பது, எவ்வளவு கேட்பது, எத்தனை நாளுக்குள் கேட்பது? இந்தக் கேள்விகளுக்கு ஏட்டில் நல்ல பதில்கள் இருக்கின்றன. மும்பைக்கோ டெல்லிக்கோ ஓடாமல், பெரும்பாலான வழக்குகளைத் திருவண்ணாமலையிலேயே தொடங்க முடியும் என்பதும் அவற்றில் ஒன்று. காயமடைந்தவரின் குடும்பத்துக்கு இது தெரியாமல் இருப்பதுதான் பெரிய குறை.

பிழைத்தவர்களை மறக்கும் கணக்கு

விமான விபத்து என்றதும் நம் நினைவில் நிற்பது இறந்தவர்களின் எண்ணிக்கை. 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் பாலம் அருகே விழுந்தபோது 48 பேர் இறந்தார்கள். மத்திய அமைச்சரும் தமிழகத்தின் முன்னாள் அட்வகேட் ஜெனரலுமான மோகன் குமாரமங்கலமும், கம்யூனிஸ்ட் தலைவர் கே. பாலதண்டாயுதமும் அவர்களில் அடங்குவர். அந்த விமானத்திலிருந்து 17 பேர் பிழைத்து வந்ததை யாரும் அவ்வளவாகப் பேசியதில்லை.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறக்க, எட்டுப் பேர் மட்டும் தப்பினார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் கணக்கு தலைகீழாக அமைந்தது. கொரோனாக் காலத்தில் துபாயிலிருந்து ஊர் திரும்பியவர்களை ஏற்றி வந்த விமானத்தில் இருந்தவர்கள் 190 பேர். இறந்தவர்கள் இரு விமானிகள் உட்பட 21 பேர். காயமடைந்தவர்கள் நூற்றுக்கும் மேல். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்தபோது விமானத்தில் இருந்த 242 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார். தரையில் இருந்த 19 பேரும் மாண்டார்கள்.

விழுந்து நொறுங்கும் விபத்து அரிது. காற்றுக் கொந்தளிப்பில் தலை மோதுவது, படிக்கட்டில் சறுக்குவது, மேலே வைத்த பெட்டி விழுவது ஆகியவை அடிக்கடி நடப்பவை. 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காப்பூர் சென்ற ஸ்பைஸ்ஜெட் விமானம் கொந்தளிப்பில் சிக்கிப் பலர் காயமடைந்தார்கள். ஒருவர் சில மாதச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்கும் இதே கதி நேர்ந்தது. அது பாங்காக்கில் இறக்கப்பட்டது.

இறந்தவருக்கான இழப்பீட்டை ஒரு முறை கணக்கிட்டால் போதும். காயமடைந்தவரின் செலவோ ஆயுள் முழுக்க ஓடுகிறது: அடுத்த அறுவை சிகிச்சை, மருந்து, துணைக்கு ஆள், இழந்த வேலை. அவருக்குத்தான் நல்ல வக்கீல் அதிகம் தேவை. முதலில் கைவிடப்படுகிறவரும் அவர்தான்.

சட்டத்தின் இரண்டு அடுக்கு

அடிப்படைச் சட்டம், விமானத்தில் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்வது பற்றி இந்தியா 1972இல் இயற்றியது. 1999இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையை இந்தியா 2009இல் ஏற்றபோது, அது இந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையாகச் சேர்ந்தது.

அதன்படி சர்வதேசப் பயணத்தில் விமான நிறுவனத்தின் பொறுப்பு இரண்டு அடுக்கு கொண்டது. முதல் அடுக்கில் நிறுவனத்தின் தவறு என்ன என்பதைப் பயணி நிரூபிக்க வேண்டாம். விபத்து நடந்தது, காயம் ஏற்பட்டது, இன்ன நஷ்டம் என்று காட்டினால் போதும். இந்த அடுக்கின் உச்சவரம்பைப் பன்னாட்டு நிதியத்தின் ‘சிறப்பு எடுப்பு உரிமை’ என்ற அலகில் அளக்கிறார்கள். தொடக்கத்தில் 1,00,000 அலகாக இருந்தது; 2024 டிசம்பர் 28 முதல் உடன்படிக்கை வரம்பு 1,51,880 அலகு. இன்றைய மதிப்பில் சுமார் 1.8 கோடி ரூபாய். அதற்கு மேல் நஷ்டம் உண்டானால் இரண்டாம் அடுக்கு. அங்கே தொகைக்கு வரம்பே இல்லை. தன்னிடம் கவனக்குறைவு இல்லை, அல்லது முழுத் தவறும் வேறொருவருடையது என்று நிறுவனம் நிரூபித்தால்தான் தப்பலாம். நிரூபிக்கும் சுமை அடிபட்டவர் தலையில் இல்லை என்பதே இந்தச் சட்டத்தின் பெரிய கொடை. ஆனால் தண்டனையாகக் கூடுதல் தொகை கேட்க இந்த உடன்படிக்கையில் இடமில்லை.

முதல் அடுக்கின் தொகையை எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும் தொகை என்று பலர் நினைக்கிறார்கள். மங்களூரு விபத்துக்குப் பின் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2011இல் ஒரு லட்சம் அலகு குறைந்தபட்ச உரிமை என்றே தீர்ப்பளித்தார். அதே ஆண்டு இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: வரம்பு வரம்புதான், நஷ்டத்தைக் காட்டினால்தான் தொகை. எனவே காயமடைந்தவர் கையில் உள்ள ஒவ்வொரு மருத்துவ ரசீதுக்கும் விலை உண்டு.

உள்நாட்டுப் பயணத்துக்கு வரம்பு வேறு. முன்பு பெரியவர்களுக்கு ஏழரை லட்சமாக இருந்ததை 2014இல் அரசு 20 லட்சம் ரூபாயாக்கியது. துபாய் செல்லும் விமானத்தில் இறந்தவருக்கும் மதுரை செல்லும் விமானத்தில் இறந்தவருக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதை எந்த நியாயத்தாலும் விளக்க முடியாது. இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. சென்னையிலிருந்து மும்பை சென்று அங்கிருந்து துபாய்க்குப் போகும் பயணம் ஒரே ஒப்பந்தமாகப் பதிவாகியிருந்தால், சென்னை–மும்பைப் பகுதியும் சர்வதேசப் பயணத்தின் அங்கமே. ஆகவே டிக்கெட் பதிவான விதத்தைக் காட்டும் ஆவணத்தைத் தூக்கி எறியக் கூடாது.

விபத்து எது, காயம் எது

விமானத்தில் நடந்த எல்லாக் கேடும் சட்டத்தின் கண்ணில் விபத்து ஆகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் வகுத்த விளக்கத்தைத்தான் உலக நீதிமன்றங்கள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன: பயணியின் உடலுக்கு வெளியிலிருந்து வந்த, எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்வே விபத்து. ஏற்கெனவே இருந்த இதயநோய் வானில் முற்றினால் அது விபத்தல்ல. ஆனால் 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம், தட்டிலிருந்த சூடான காபி சரிந்து குழந்தையைச் சுட்டதையும் விபத்து என்றது. விமானத்துக்குள் மட்டுமல்ல, ஏறும்போதும் இறங்கும்போதும் நேரும் காயங்களும் இதில் அடங்கும்.

மனக்காயம் சிக்கலானது. உடன்படிக்கை ‘உடற்காயம்’ என்றே சொல்கிறது. உடலில் எந்தக் காயமும் இல்லாமல் அச்சத்தால் மட்டும் வந்த பாதிப்புக்கு இழப்பீடு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. ஐரோப்பிய நீதிமன்றம் 2022இல் வேறு பாதையில் சென்றது: உடற்காயத்துக்கு இணையான, மருத்துவ அறிக்கையால் நிறுவப்பட்ட, சிகிச்சை தேவைப்படும் மனப்பாதிப்பும் உடற்காயமே என்றது. இந்தியத் தீர்ப்புகளில் இது இன்னும் வளர வேண்டிய பகுதி. விபத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல் தவிப்பவரைக் குடும்பத்தார் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போய் முறையான பதிவு பெறுவது சிகிச்சைக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.

எந்த மன்றம்

உடன்படிக்கை எந்த நாட்டில் வழக்குப் போடலாம் என்பதைச் சொல்கிறது: நிறுவனம் பதிவான நாடு, அதன் தலைமை வணிக இடம், டிக்கெட் ஒப்பந்தம் செய்த கிளை உள்ள நாடு, சேருமிடம். மரணத்துக்கும் காயத்துக்கும் ஐந்தாவதும் உண்டு: பயணியின் நிரந்தர வசிப்பிடம், அந்த நிறுவனம் அங்கே சேவை நடத்தினால். போய்வரும் டிக்கெட்டில் சேருமிடம் என்பது புறப்பட்ட இடமே. சென்னையிலிருந்து போய்ச் சென்னைக்கே திரும்பும் டிக்கெட் எடுத்த திருவண்ணாமலைக்காரர், வெளிநாட்டு விமானத்தில் அடிபட்டாலும், இந்தியாவிலேயே வழக்காடலாம்.

இந்தியாவுக்குள் எந்த மன்றம் என்பதில்தான் ஏழைக்குச் சாதகமான வழி திறக்கிறது. விமான வழக்கைக் கேட்க நுகர்வோர் மன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஏற்றது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்தது. ஒன்று, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். மற்றது, கேட்கும் இழப்பீட்டை வைத்தல்லாமல், சேவைக்குக் கொடுத்த விலையை வைத்தே மன்றம் முடிவாகிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த சேவை மாவட்ட ஆணையத்துக்கு வரும். டிக்கெட் விலை சில ஆயிரங்கள்தானே. அதனால் கோடி ரூபாய் கேட்கும் காய வழக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே வருகிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. விலையை வைத்து மன்றத்தைத் தீர்மானிக்கும் இந்த முறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதி செய்தது.

அதிகார வரம்பை எதிர்த்து நிறுவனம் வாதாடலாம். அதற்கு அஞ்சி முதலிலேயே ஒதுங்க வேண்டியதில்லை. விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால், சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் அமைந்த நிரந்தர மக்கள் நீதிமன்றத்தையும் 1 கோடி ரூபாய் வரை நாடலாம். சமரசம் முறிந்தால் அது தீர்ப்பே சொல்ல முடியும்.

எல்லா வழியிலும் மேலே தொங்கும் கத்தி கால வரம்புதான். விமானம் சேருமிடம் வந்த, அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது, விசாரணை அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து இதைத் தவறவிட்டால் உரிமையே போய்விடும். விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை இன்னொரு விபத்தைத் தடுப்பதற்கானது. யார் மீது பழி என்று சொல்வது அதன் வேலையல்ல. கோழிக்கோடு அறிக்கை வர ஓராண்டுக்கு மேல் ஆனது. நிறுவனத்தின் தவறை நிரூபிக்கத் தேவையில்லாத முதல் அடுக்குக்கு அறிக்கைக்காகக் காத்திருப்பதில் பொருளே இல்லை.

தொகையைக் கணக்கிடும் விதம்

மங்களூரு விபத்தில் இறந்த ஒரு நிறுவன அதிகாரியின் குடும்பத்துக்கு 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சுமார் 7.64 கோடி ரூபாய் வழங்கியது. தேசிய நுகர்வோர் ஆணையம் சம்பளத்தின் சில படிகளைக் கழித்துக் கணக்கிட்டிருந்தது. நிறுவனங்கள் தங்கள் வசதிக்காகச் சம்பளத்தைப் பல தலைப்புகளில் பிரிக்கின்றன, அதற்காகக் குடும்பத்தின் உரிமை குறையக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. விபத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையில் ஏறக்குறைய பத்தாண்டுகள் ஓடிவிட்டன.

வளைகுடாத் தொழிலாளிக்கு இந்தத் தீர்ப்பு மிக முக்கியம். அவருடைய அடிப்படைச் சம்பளம் சிறியது. படி, ஓவர்டைம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால்தான் உண்மை வருமானம். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு எல்லாமே சாட்சி.

காயத்துக்கு மோட்டார் விபத்து வழக்குகளின் நெறிகள் கைகொடுக்கின்றன. உடல் ஊனத்தின் விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியது. ஒரு காலில் நிரந்தரக் குறை வந்தால் மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் அதே வேலையைத் தொடரலாம். கட்டுமானத்தில் கம்பி கட்டுபவருக்குப் பிழைப்பே போய்விடுகிறது. ஆரணிப் பட்டுத் தறியில் உட்காருபவருக்கு விரல் மரத்துப்போனால் சான்றிதழ் சொல்லும் விழுக்காடு சிறியதாகவும் இழப்பு முழுமையாகவும் இருக்கலாம். இதை எடுத்துச் சொல்லும் மருத்துவர் சாட்சியமும், தொழிலைப் பற்றிய சாட்சியமும் வேண்டும்.

இழப்பீட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாத தொகைகளும் உண்டு. கோழிக்கோட்டில் பலத்த காயமடைந்தவர்களுக்கு 2 லட்சமும் சிறு காயத்துக்கு 50,000 ரூபாயும் இடைக்கால உதவியாக அறிவிக்கப்பட்டன. சிங்கப்பூர் விமான நிகழ்வில் அந்த நிறுவனம் சிறு காயங்களுக்கு 10,000 டாலரும், பலத்த காயமடைந்தவர்களுக்கு 25,000 டாலர் முன்பணமும் தர முன்வந்தது. முன்பணம் வாங்குவதால் உரிமை போகாது. இறுதித் தொகையில் கழிக்கப்படும், அவ்வளவே. குடியேற்ற அனுமதி பெற்று வேலைக்குப் போனவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் காப்பீடு தனியாக உண்டு.

கையெழுத்தும் கட்டணமும்

காயமடைந்தவர் தோற்பது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அல்ல, படுக்கையில் கிடக்கும்போது நீட்டப்படும் காகிதத்தில். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற வரி உள்ள விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் பிற்பாடு வரும் அறுவை சிகிச்சைச் செலவைக் கேட்கவே முடியாமல் போகலாம். புரியாத மொழியில் உள்ள பத்திரத்தில், காயம் எந்த நிலையில் நிற்கும் என்று மருத்துவர் சொல்வதற்குமுன், யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

அடுத்தது வக்கீல் கட்டணம். வழக்கின் முடிவைப் பொறுத்த கட்டணமோ, கிடைக்கும் தொகையில் பங்கோ பேசுவதை இந்தியப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. வழக்குத் தேடி ஆள் பிடிப்பதும் கூடாது. அமெரிக்காவில் தொகையில் பங்கு என்பது வழக்கம். அங்கும் விபத்து நடந்து 45 நாள்வரை வக்கீல்கள் தாமாகக் குடும்பங்களை அணுகக் கூடாது என்று மத்தியச் சட்டமே தடுக்கிறது. நம் சட்டத்தில் அப்படியொரு காலத்தடை சேர வேண்டும்.

விமானத் தயாரிப்பாளர் மீதான வழக்கு உடன்படிக்கைக்கு அப்பாற்பட்டது. அகமதாபாத் விபத்தில் நான்கு குடும்பங்கள் 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் டெலாவேரில் போயிங், ஹனிவெல் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. அந்த வழி சிலருக்குப் பலன் தரலாம். ஆனால் ‘உங்கள் நாட்டு நீதிமன்றமே இதற்கு ஏற்றது’ என்று அமெரிக்க நீதிமன்றம் திருப்பி அனுப்புவதும் உண்டு. 1986இல் போபால் விஷவாயு வழக்கு அப்படித்தான் திரும்பி வந்தது. அமெரிக்கக் கனவைக் காட்டி இங்குள்ள இரண்டாண்டுக் கெடுவைத் தவறவிடச் செய்பவரை நம்பக் கூடாது.

இலவச சட்ட உதவியின் கடமை

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தருகிறது. அதே சட்டம் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களையும் குறிப்பிடுகிறது. பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கென்றே தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2010இல் ஒரு திட்டம் வகுத்தது. நூறு பேரை ஒரே நாளில் படுக்கையில் தள்ளும் விமான விபத்தை அதில் சேர்க்காமல் வேறு எதைச் சேர்ப்பது?

விமானம் தலைமேல் விழுந்த தரைவாசிக்கு இந்த உதவி இன்னும் அவசரம். அவர் பயணி அல்ல; உடன்படிக்கை அவருக்குப் பொருந்தாது, நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில் கவனக்குறைவைக் காட்டி வழக்காட வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017இல் ஏழரையிலிருந்து மூன்று விழுக்காடாகக் குறைந்தது. குறைந்த பின்னும் ஒரு கோடிக்கு மூன்று லட்சம். வீட்டையும் காலையும் இழந்தவர் அதை எங்கே புரட்டுவார்? இலவச சட்ட உதவியில் அந்தக் கட்டணமும் அடங்கும்.

திருவண்ணாமலை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் வட்டக் குழுக்களுக்கும் இதில் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. விமான வழக்குச் சட்டத்தில் சில வக்கீல்களுக்குப் பயிற்சி தர வேண்டும். டிக்கெட், போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ரசீதுகள், ஊனச் சான்றிதழ், சம்பள ஆதாரம் என்று ஒரு பட்டியலைத் தமிழில் அச்சிட்டுக் கிராமங்களில் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கும் யாத்திரைக்கும் ஆள் அனுப்பும் முகவர்களும் இதைக் கையில் தர வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வந்து சேரும் காயம்பட்டவரைச் சட்டத் தன்னார்வலர் ஒருவர் முதல் வாரத்திலேயே சந்திக்க வேண்டும், ஏனெனில் விடுவிப்புப் பத்திரமும் அதே வாரத்தில்தான் வரும். 15100 என்ற தேசிய இலவச உதவி எண்ணை யாரும் அழைக்கலாம்.

மத்திய அரசு செய்ய வேண்டியவை வேறு. உள்நாட்டுப் பயணிக்கான வரம்பைச் சர்வதேச வரம்புக்கு இணையாக உயர்த்த வேண்டும். காயமடைந்தவருக்கு இத்தனை நாளுக்குள் முன்பணம் என்பதைக் கட்டாயமாக்க வேண்டும். காயம் நிலைப்படும்முன் எழுதி வாங்கப்பட்ட விடுவிப்புப் பத்திரம் செல்லாது என்று சட்டமே சொல்ல வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் காயமடைந்தவருக்கு இல்லை. இன்றுள்ள சட்டமே அவருக்கு நிரூபிக்கும் சுமையைக் குறைத்திருக்கிறது, சொந்த ஊரிலேயே மன்றம் தந்திருக்கிறது, வக்கீலையும் இலவசமாகத் தருகிறது. இரண்டு ஆண்டு முடிவதற்குள் மாவட்ட ஆணையத்தில் மனுவைப் பதிவு செய்வது ஒன்றே அவர் பக்கம் மிச்சமிருக்கும் வேலை. அந்த மனுவை எழுதித் தருவது திருவண்ணாமலை வக்கீல்களின் கடமை.